வலி நின்ற பல்

ஜூன் 3, திங்கள்

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், பல்லுக்கு உசிரு உண்டா?"

திங்கட்கிழமை காலை, நகமும் பல்லும் பார்க்கிற நேரம் அது. பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டி, 'ஈ' என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நிற்கிறபோதே அவளுக்கு இந்தச் சந்தேகம். நான் சொன்னேன்: பல் ஒரு காரைவீடு மாதிரி. வெளிச்சுவரைத் தட்டினால் சுவருக்கு வலிக்காது. ஆனால் உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ரத்தம், நரம்பு எல்லாம் அங்கேதான். சுவரில் ஓட்டை விழுந்தால் உள்ளேயிருந்து சத்தம் வரும்.

இன்று அது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, என் மிக்ஸியின் சின்ன ஜாரில் கிராம்பையும் இந்துப்பையும் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது சட்னி ஜாரு."

"கழுவித் தாரேன்."

"கிராம்பு வாடை கழுவினா போவுமா?"

"பல்லுங்கிறது என்ன பகவதி? ஒரு கல்லு. நல்லாத் தேச்சா போதும். அதுக்குப் போயி கடைப் பேஸ்ட்டு, டாக்டருன்னு அலையுதாங்க."

இத்தனை வருஷம் ஒரு அறிவியல் டீச்சரோடு குடித்தனம் நடத்தியவர் பேசுகிற பேச்சு!

இதெல்லாம் எனக்காகத்தானாம். போன மாதம் எட்டயபுரத்துக் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த கடலைமிட்டாயைக் கடித்தேன். கீழ்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஓரத்தில் கொஞ்சம் உடைந்துவிட்டது. காபி பட்டால் 'சுள்' என்கிறது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

இட்லிக்கு அரைத்த சட்னி கிராம்பு மணத்தது. அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 5, புதன்

அவருடைய பேஸ்ட் தேங்காய் எண்ணெயில் குழைத்தது. கோவில்பட்டி வெயிலில் அது பேஸ்ட்டாக இருக்குமா? உருகி, பிரஷ்ஷிலிருந்து முழங்கை வரை வழிகிறது. அதனால் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெண்ணெய் என்று நினைத்துத் தோசையில் போட்டுவிட்டேன்.

ஜூன் 8, சனி

என் நாத்தனார் உலகம்மாள் சாத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். ஒரு பை காராச்சேவு, ஒரு டப்பா பல்பொடி. அண்ணன் பல் வைத்தியம் பார்க்கிறார் என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். உதவி செய்ய அல்ல. போட்டிக்கு.

"ஏ அண்ணே, இதென்ன, பல்லுக்குத் தேய்க்கவா, புண்ணுக்குத் தடவவா? பல்லுன்னா பொடிதான். கருவேலம்பட்டை, கடுக்கா, படிகாரம், உமிக்கரி. எங்க மாமனாரு சாவுறவரைக்கும் முறுக்கு கடிச்சாரு."

"ஒங்க மாமனாரு கட்டுப்பல்லு வச்சிருந்தாரு, ஒலகு. பல்லு கட்டக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

"அது மேல்பல்லு! கீழ்ப்பல்லு அம்புட்டும் சொந்தப் பல்லு!"

நான் நடுவில் புகுந்து, அந்தப் பொடியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஒலகு, இது மணல் மாதிரி நறநறங்குது. கரும்பலகையைச் செங்கல்லால தேய்ச்சா சாக்பீஸ் எழுத்து மட்டுமா போவும்? பலகையில இருக்கிற கறுப்பும் சேந்துதான் போவும்."

"மதினி, ஒங்க பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் சரி. இன்னைக்குக் காராச்சேவை ஏன் தொடவே இல்ல?"

எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னேன். ரசஞ்சாதம் சாப்பிட்டேன். இந்த வயதில் ரசஞ்சாதம்தான் நல்லது.

ஜூன் 11, செவ்வாய்

அண்ணனும் தங்கையும் சமாதானமாகிவிட்டார்கள். அதாவது, இரண்டு பேர் மருந்தும் என் வாய்க்குள். எழுந்தவுடன் நல்லெண்ணெய் கொப்பளிப்பு. அப்புறம் தங்கையின் பொடி. அப்புறம் அண்ணனின் பேஸ்ட். சாப்பாட்டுக்குப் பின் உப்புத் தண்ணீர். வாய் நிறைய எண்ணெயோடு பால்காரருக்குக் கையாலேயே கணக்குச் சொன்னேன்.

"இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு" என்றார் இவர். நான் பதில் சொல்ல முடியாது என்கிற தைரியம்.

பக்கத்து வீட்டு மாரிச்செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். அவள் வீட்டிலேயே தைக்கிறவள். கணவர் லாரி ஓட்டி வடக்கே போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பகல் முழுவதும் அவள் தையல் மெஷின் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கும். அவளுக்கும் கடைவாய்ப்பல்லில் குழி.

"டீச்சர், நான் சனிக்கெழம பல் டாக்டர்ட்ட போலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்களேன். செண்பகவல்லி டாக்டரு ஒங்ககிட்டப் படிச்சவங்களாமே?"

ஆமாம், படித்தவள்தான். திங்கட்கிழமை வரிசையில் 'ஈ' காட்டிக்கொண்டு நின்றவள். ஒருநாள் நன்றாகத் தேய்க்காமல் வந்தாள் என்று குழாயடிக்கு அனுப்பியது நினைவிருக்கிறது. அவள் இப்போது வெள்ளைக் கோட்டு போட்டு நிற்க, நான் நாற்காலியில் சாய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் வாயைப் பிளந்துகொண்டு...

"இந்த வெயில்ல எங்க போறது மாரி" என்று சொல்லிவிட்டேன். காரணம் வெயில்தான்.

"அப்ப நானும் அடுத்த வாரம் போய்க்கிடுதேன்" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

கிராம்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தால் அடங்குகிறது. பஞ்சை எடுத்தால் திரும்பவும் ஆரம்பிக்கிறது. தலையணையில் இடதுபக்கம் சாய முடியவில்லை. பள்ளிக்கூட மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிட்டால் சத்தம் வராது. அதனால் மணி பத்தாகாமல் இருக்குமா? இந்த உதாரணத்தை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

பஞ்சு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

வலி நின்றுவிட்டது.

காலையில் காபி குடித்துப் பாதி டம்ளர் ஆன பிறகுதான் கவனித்தேன். சுள்ளென்று இல்லை, விண்ணென்று இல்லை. அவரிடம் சொன்னதுதான் தாமதம், சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் போட்டோ எடுத்தார். "சிரி பகவதி, பல்லு தெரியணும்." தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'என் மனைவி, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, இயற்கைப் பற்பசையால் பூரண குணம்.' உடனே கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன.

"நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் போனை எடுத்தாலே வசவுதான் பகவதி. கரண்ட்டு வந்த பெறகு ஒருத்தன் கூப்பிட்டு நன்றி சொன்னதில்ல. இன்னைக்குப் பாரு" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மத்தியானம் அவர் தூங்கும்போது ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை எடுத்து அந்தப் பல்லில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வலதுபக்கப் பல்லில் வைத்தேன். கூசியது. மறுபடி இடதுபக்கம். ஒன்றும் இல்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? வலி நின்றால் நல்லதுதானே.

ஜூன் 18, செவ்வாய்

வீடு மருந்துக்கடையாகிவிட்டது. ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி, பேஸ்ட் நிரப்பி, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார். கழுவியது என்பது அவர் சொல்வது. கோடிவீட்டு ரிட்டையர்டு தாசில்தார் எலுமிச்சை ஊறுகாய் வாசனையில் பல் தேய்க்கிறார். உலகம்மாள் ஆளுக்கொரு பொட்டலம் பொடியும் சேர்த்துக் கொடுக்கிறாள். ஊருக்குப் போகிற பேச்சே இல்லை. ஃப்ரிட்ஜில் மாவுச்சட்டி வைக்க இடமில்லாமல் மாவு புளித்துப்போயிற்று. இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழுவது?

மாரிச்செல்வியும் வந்தாள். கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"டீச்சர், நெசமாவே ஒங்களுக்கு மருந்து கேட்டுச்சா?"

இவர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். என்னைவிட ஆர்வமாக என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இப்ப வலி இல்ல மாரி" என்றேன்.

அது உண்மைதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"அப்ப சரி. நீங்களே சொல்லிட்டீங்கல்ல" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள். கிராம்பெண்ணெய் ஒரு சின்னக் குப்பியும் கொடுத்து அனுப்பினார் இவர்.

ஜூன் 20, வியாழன்

அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் கடுகளவு ஒரு பரு. வலியில்லை. சூட்டுக் கொப்புளம் என்கிறாள் உலகம்மாள். மாம்பழம் சாப்பிட்ட சூடாம். மோர் குடித்தேன்.

ஜூன் 22, சனி

இதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

காலையில் துணி காயப்போடும்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து தையல் மெஷின் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். மாரிச்செல்வி மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு கிடந்தாள். வலது கன்னம் வீங்கி, தாடை தெரியவில்லை. தொட்டால் கொதிக்கிறது. கிராம்பெண்ணெயை அப்படியே ஊற்றியிருக்கிறாள். உதட்டோரம் வெந்திருந்தது.

"வாயைத் தொற பாப்போம்."

ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. "எச்சி முழுங்கக் கஷ்டமா இருக்கு டீச்சர்."

"எந்திரி. டாக்டர்ட்ட போறோம்."

"வேண்டாம் டீச்சர். இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். கெட்டநீர் வெளிய வந்தா வீங்கத்தான் செய்யும்னு பாட்டில் குடுக்கையில சார் சொன்னாங்கள்ல. ஒங்களுக்கும் மொதல்ல வலிச்சிட்டுத்தான சரியாச்சு? அவுகளும் நாளைக்கு லாரியில வந்துருவாக. வந்ததும் போய்க்கிடுதேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. நான் சொன்னேன் என்பதற்காகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அதற்குள் சத்தம் கேட்டு இவரும் உலகம்மாளும் வந்துவிட்டார்கள். இவர் கையில் ஒரு பாட்டில்.

"பகவதி, இதுல மஞ்சளும் சேத்துருக்கேன். இதை வச்சா..."

"பேசாம இருங்க!"

நாலு பேர் முன்னால் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

நான் தையல் மெஷின் ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்து மாரிச்செல்விக்கு என் பல்லைக் காட்டினேன்.

"நல்லாப் பாரு. எடது பக்கம், அடியில. பரு தெரியுதா?"

தலையசைத்தாள். விரலால் அழுத்தினேன். சீழ் வந்தது. முந்தானையில் துடைத்துக் காட்டினேன்.

"மருந்து கேக்கல, மாரி. வலிக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. என் பல்லு செத்துப்போச்சு. ஐஸ் வச்சுப் பாத்து அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரிஞ்சுமா டீச்சர்? பெறகு ஏன் சொல்லல?"

"ஒங்க சாரு சிரிச்ச மொகமா இருந்தாரு. அதோட..."

"அதோட?"

"செண்பகவல்லி முன்னால வாயைப் பொளக்க வெக்கமா இருந்துச்சு."

"ஆத்தி" என்றாள் உலகம்மாள். மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலியில் உயிர் போயிற்று. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி.

ஆட்டோவுக்கு ஓடியது இவர்தான். செருப்புக்கூடப் போடவில்லை.

செண்பகவல்லி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "டீச்சர்! வாங்க, ஒக்காருங்க."

"நான் பெறகு. இவளை மொதல்ல பாரும்மா."

விளக்கைத் திருப்பி, தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பேசினாள். வெளியே வரும்போது என் காதருகே சொன்னாள்: "சீழ் கழுத்துக்கு எறங்குது டீச்சர். நாளைக்கு வரட்டும்னு விட்டிருந்தா மூச்சை அடைச்சிருக்கும்."

நாளைக்கு வரைக்கும்தான் மாரிச்செல்வி காத்திருக்கலாம் என்று இருந்தாள்.

வார்டில் டிரிப்ஸ் ஏறுகிறது. சீழைக் கீறி எடுத்துவிட்டார்கள். அவள் கணவருக்குப் போன் பண்ணி நானே சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. "வாறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

மாரிச்செல்விக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தாள்.

இவர் இன்று காலை குளித்து, ஆபீஸ் போகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு, பெரிய துணிப்பையோடு புறப்பட்டார். வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களைத் திரும்ப வாங்கியிருக்கிறார். "ஏதாவது கம்ப்ளெயிண்ட் இருக்கா? வலி, வீக்கம், ரத்தம்?" இருக்கிறது என்றவர்களையெல்லாம் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். சிலர் திட்டினார்களாம். "திட்டட்டும்" என்றார். "எனக்குப் பழக்கந்தான்."

அதோடு விட்டாரா? இப்போது எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் பல் டாக்டரிடம் போகச் சொல்கிறார். தபால்காரரின் மாமனாருக்கு ஒரு பல்கூடக் கிடையாது, அவரையும் விடவில்லை. குழுவில் இன்று மட்டும் மூன்று அறிவிப்பு. மனுஷனுக்கு எதிலும் நிதானம் கிடையாது.

உலகம்மாள் ஊருக்குப் போய்விட்டாள். "நான் குடுத்த பொடியில ஒண்ணும் தப்பில்ல மதினி" என்று பஸ்ஸில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். டப்பாவை மட்டும் ஃப்ரிட்ஜ் மேல் விட்டுப் போயிருக்கிறாள்.

ஜூன் 26, புதன்

என் முறை. செண்பகவல்லி நாற்காலியைச் சாய்த்து, விளக்கைப் போட்டாள். "ஆ காட்டுங்க டீச்சர்." காட்டினேன். நினைத்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வாய்க்குள் இரண்டு கையும் ஒரு குழாயும் இருக்கும்போது மானம் அவமானத்துக்கெல்லாம் இடமில்லை.

பல்லை எடுக்க வேண்டியதில்லையாம். வேரைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே தொப்பி போடலாமாம். இன்னும் இரண்டு மூன்று தடவை வர வேண்டும்.

இவர் கதவருகே நின்று, "உப்புத் தண்ணியாவது கொப்பளிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார், பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி.

"தாராளமா சார். நானே சொல்வேன். ஈறுக்கு இதமா இருக்கும். ஆனா குழி விழுந்த பல்லை எந்தப் பேஸ்ட்டும் மூடாது, ஒங்க பேஸ்ட்டும் சரி, கடைப் பேஸ்ட்டும் சரி. கடைப் பேஸ்ட்டுல ஃப்ளோரைடு இருக்கு, அதனால குழி விழாமப் பாத்துக்கிடும். விழுந்த பெறகு எங்ககிட்டத்தான் வரணும்."

"தேங்காயெண்ணெய்?"

"தலைக்குத் தேய்ங்க சார்."

வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் இவர், "வலிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நெசமாவா?" மரத்துப்போக ஊசி போட்டிருப்பதாகவும், ஊசி குத்தியபோது வலித்தது என்றும் சொன்னேன். "அப்படி முழுசாச் சொல்லு" என்றார்.

ஜூன் 29, சனி

தையல் மெஷின் சத்தம் கேட்கிறது. ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். தைக்கக் கொடுக்க வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.

தாடைக்கடியில் சின்னக் கட்டு. அந்தப் பல்லை எடுத்துவிட்டார்கள். மெஷினை நிறுத்தாமல் பேசினாள்.

"அவுக ஒங்க மேல கோவமா இருக்காக டீச்சர்."

"இருக்கட்டும் மாரி. நியாயந்தான்."

"எனக்குக் கோவம் இல்ல." துணியைத் திருப்பி இன்னொரு தையல் ஓட்டினாள். "ஆனா இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, ரெண்டு தடவ கேப்பேன்."

"கேளு" என்றேன். "மூணாந்தடவையும் கேளு."

அளவுக்காக டேப்பை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். தோளை அளந்தாள், கையை அளந்தாள். நான் அசையாமல் நின்றேன்.

இந்தக் குறிப்பை என்றாவது என் மகள் எடுத்துப் படிப்பாள். வேறு யாராவதும் படிக்கலாம். யாராக இருந்தாலும் சரி: நாளைக் காலை பல் தேய்த்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டையும் கன்னத்தையும் விரலால் விலக்கி, மேலும் கீழும் ஈறு முழுவதையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், எங்கேயாவது ஒரு சிறு பரு தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.